பேரேட்டில் ஏறாத மணிகள்

பண்டைத் தமிழர் ஆண்டினை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்து, ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர்காலம் என்று வழங்கினர். குறிஞ்சியாகிய மலைநிலத்துக்கு உரிய காலமாகத் தொல்காப்பியம் கூதிரைக் கூறுகிறது. சமவெளியில் பிறந்து வளர்ந்த நமக்கு இது பள்ளியில் மனப்பாடம் செய்த செய்தியாகவே இருந்துவந்தது. சென்ற ஆனியில் அலுவல் மாற்றலாகிக் கோத்தகிரிக்கு வந்து, குடும்பத்துடன் முதல் ஐப்பசியைக் கழித்த பிறகே அதன் பொருள் உடம்புக்குத் தெரிந்தது.

அந்த மாதத்தில் நாம் செய்தவை பெரிய காரியங்கள் அல்ல. மழை விட்ட நாட்களில் குழந்தைகளுடன் உலாவப் போனோம். விடாத நாட்களில் புத்தகம் படித்தோம். வீட்டில் ஒரு கம்பளிச் சட்டை பின்னப்பட்டது. ஆயினும், பத்தாண்டுக்கு மேலாகச் சங்கங்களின் கணக்கைப் பார்த்துவரும் நமக்கு, நாம் தவறாகப் பார்த்துவிட்ட ஒரு கணக்கை அந்தச் சட்டை நினைவூட்டிற்று. அதனை நெசவாளருக்கும் பயிரிடுவோருக்கும் சொல்லுதல் கடமை என்று கருதியே இதனை எழுதலானோம்.

சிட்டமும் உருண்டையும்

ஐப்பசி பிறந்த வாரமே குளிர் மிகுந்தது. ஏழு வயது மகளின் பழைய கம்பளிச் சட்டை கைக்கு எட்டாமல் முழங்கையருகே நின்றுவிட்டது. கடையில் ஒன்று வாங்கிவிடலாம் என்றோம். அடுத்த வீட்டுப் பாட்டியம்மாள் அதற்கு உடன்படவில்லை. அரை ஏக்கர் தேயிலைத் தோட்டத்தில் காலையில் கொழுந்து பறித்துவிட்டு, மாலையில் அடுப்பருகே அமர்ந்து பின்னல் வேலை செய்பவர் அவர். "கை இருக்கும்போது கடைக்கு எதற்கம்மா போகவேண்டும்? நான் சொல்லித் தருகிறேன்" என்று நம் இல்லாளிடம் கூறி, இரண்டு பின்னல் ஊசிகளையும் இரவலாகக் கொடுத்தார்.

நூல் சிட்டமாக வந்தது. சிட்டத்தை உருண்டையாகச் சுற்றிக்கொள்ளாமல் பின்னத் தொடங்க இயலாது. நாம் இரு கைகளையும் நீட்டிச் சிட்டத்தைத் தாங்கி நின்றோம், மகள் சுற்றினாள், சிக்கு விழுந்த இடங்களை நம் அன்னையார் விடுவித்தார். ஒரு சிட்டம் முடியக் கால்மணி நேரமாயிற்று. ஐந்து சிட்டங்கள் முடிந்தபோது தோள்பட்டை கடுத்தது. "இன்னும் ஒரு கண்ணிகூடப் பின்னவில்லையே!" என்று நாம் வியக்க, இல்லாள் சிரித்தாள்.

கணக்குப் பார்ப்பவனுக்கு எங்கிருந்தாலும் பழக்கம் விடுவதில்லை. ஒரு சிறிய குறிப்பேட்டில், நூல் சுற்றிய நேரம் முதல் பின்னல் வேலையின் நேரத்தை நாள்தோறும் குறித்துவந்தோம். முதுகுப் பக்கத்துக்கு வரிசைக்கு 72 கண்ணிகள், 96 வரிசைகள், ஆக 6,912 கண்ணிகள். முன்பக்கமும் அவ்வாறே. இரு கைகளையும் சேர்த்தால் சட்டை முழுவதும் 20,000 கண்ணிகளுக்கு மேலாகிறது. தீபாவளிக்கு முதல்நாள், பலகாரத்துக்கு இடையே பின்னிய கைப்பகுதி ஒன்றில் எண்ணிக்கை பிசகி, முழுவதையும் பிரிக்க நேர்ந்தது. அந்த இரண்டு மணி நேரத்தையும் விடாமல் எழுதிக்கொண்டோம்.

மழை விட்ட நாட்கள்

இம்மலையில் ஐப்பசி மழையை எவரும் எளிதாக எண்ணுவதில்லை. 2009 நவம்பரில் நிகழ்ந்த நிலச்சரிவுகள் பல உயிர்களைக் கொண்டன. வீடுகளும் சாலைகளும் அழிந்தன. ஆகவே வானம் தெளிந்தபோது மட்டுமே புறப்பட்டோம். ஊருக்கு அருகிலுள்ள லாங்வுட் சோலையில் ஒரு காலை நேரம் நடந்தோம். வேறொரு ஞாயிறன்று உதகையைக் கடந்து பைக்காரா செல்லும் வழியில் சாண்டிநல்லா வரை போய்வந்தோம். அங்கே செம்மறியாட்டு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. தமிழ்நாட்டில் மெல்லிய கம்பளி தரும் இனம் நீலகிரிச் செம்மறி ஒன்றே. அதன் எண்ணிக்கை காலப்போக்கில் பெரிதும் குறைந்துவிட்டதனால் அதனைப் பேணும் முயற்சி அங்கே நடைபெறுகிறது. "என் சட்டை இந்த ஆட்டிலிருந்தா வந்தது?" என்று மகள் கேட்டாள். கடையில் வாங்கிய நூல் எங்கிருந்து வந்ததென்று அதன் சீட்டில் இல்லை. நம்மால் விடை கூற இயலவில்லை.

உதகையில் தோடர் மகளிரின் பூவேலை செய்த போர்வைகளைக் கண்டோம். வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாகிய நூலால், வரைபடம் எதுவுமின்றி, துணியின் இழைகளை எண்ணி எண்ணியே தைக்கிறார்கள். அப்பூவேலைக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. நம் நெசவாளர் அறியவேண்டிய செய்தி ஒன்றுண்டு. அந்த வெள்ளைப் பருத்தித் துணி மலையில் நெய்யப்படுவதன்று, சமவெளியிலிருந்தே வருகிறது. இழைகள் சீராக அமைந்திராவிடில் எண்ணித் தைக்க முடியாது. கீழே தறியில் ஒருவர் காட்டிய கவனத்தின்மேல் மேலே மற்றொருவரின் ஊசி நம்பிக்கையோடு ஓடுகிறது. ஆனால் போர்வையைப் பார்ப்பவர் பூவைத்தான் பார்க்கிறார்.

மழை விடாத நாட்கள்

நூலகம் நம் வீட்டிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் இருப்பது பெரும் பேறு. 1948-ல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் இயற்றியது. சுதந்திர இந்தியாவில் இவ்வகையில் அதுவே முதற்சட்டம். வீட்டுவரியோடு நாம் செலுத்தும் நூலக வரி அதன் பயனே. வரி கட்டுகிறவர்கள் புத்தகமும் எடுக்கவேண்டும் என்பது நம் கருத்து. குழந்தைகளுக்குக் கதைப் புத்தகங்களும் நமக்குக் கூட்டுறவு வரலாறும் எடுத்துவந்தோம். இரவு உணவுக்குப்பின் நாம் உரக்கப் படிப்போம்; இல்லாள் பின்னிக்கொண்டே கேட்பாள்; அன்னையார் போர்வைக்குள்ளிருந்தே இடையிடையே கேள்வி கேட்பார்.

ராச்டேல் முன்னோடிகளின் கதையை நம் அங்கத்தினர்கள் அறிவார்கள். இங்கிலாந்தில் நெசவாளர் முதலிய தொழிலாளர் சிலர் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து, 1844 டிசம்பர் 21-ஆம் நாள் ஒரு பண்டகசாலையைத் திறந்தனர். வெண்ணெய், சர்க்கரை, மாவு, மெழுகுவத்தி போன்ற சில பொருள்களே அன்று விற்பனைக்கு இருந்தன. பின்னர் அவர்கள் வாசகசாலையும் வைத்து, உபரியில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கைக் கல்விக்கு ஒதுக்கினர். இவ்வளவும் நாம் பயிற்சி வகுப்பில் படித்துத் தேர்வில் எழுதியதே.

"அந்தச் சங்கத்தில் பெண்கள் இருந்தார்களா?" என்று அன்னையார் கேட்டார்.

இருந்தனர். 1846-ல் எலைசா பிரையர்லி என்னும் பெண்மணி அங்கத்தினராகச் சேர்ந்தார். அக்காலத்தில் அந்நாட்டில் மணமான பெண் தான் உழைத்து ஈட்டிய கூலியையும் சட்டப்படி தனதென்று சொல்லிக்கொள்ள இயலாது. அவ்வுரிமை 1870-ல்தான் சட்டமாயிற்று. நாட்டின் சட்டம் பெண்ணின் கூலியை ஒப்புக்கொள்வதற்கு 24 ஆண்டுகளுக்கு முன்பே, ஒரு நெசவாளர் ஊரின் சங்கம் தன் புத்தகத்தில் ஒரு பெண்ணின் பெயரை எழுதிக்கொண்டது.

நாம் படிப்பதை நிறுத்தினோம். நினைவு வேறிடம் சென்றுவிட்டது.

நாம் எழுதிய ஒரு குறிப்பு

மாற்றலாகி வருவதற்கு முன் சமவெளியில் நம் சரகத்தில் ஒரு நெசவாளர் சங்கம் இருந்தது. ஒழுங்காக நடக்கும் சங்கம். ஓர் அங்கத்தினரின் மனைவி தமக்கும் தனியே அங்கத்தினர் உரிமை வேண்டுமென்று மனுச் செய்திருந்தார். வீட்டிலுள்ள தறி ஒன்றே. "ஒரு தறிக்கு ஓர் அங்கத்தினர்" என்று நிர்வாகக் குழு தீர்மானித்து மனுவைத் தள்ளிவிட்டது. ஆய்வுக்குச் சென்ற நாம், "குறை ஏதுமில்லை" என்று எழுதிக் கையொப்பமிட்டோம்.

அன்று அவ்வாறு எழுதியதற்குக் காரணம் இல்லாமலில்லை. தறியில்லாதவர்கள் பெயரில் அங்கத்தினர்களைச் சேர்த்து நூலையும் சலுகையையும் கவர்ந்துகொள்ளும் மோசடியை ஆய்வாளர் எவரும் அறிவர். அந்த அச்சம் இன்றும் நமக்கு உண்டு. ஆனால் நாம் புறப்படும் சமயத்தில் அந்த அம்மையார் ராட்டையை நிறுத்தாமலே கேட்டார்: "ஐயா, இத்தனை புத்தகம் பார்க்கிறீர்களே, என் பெயர் எதில் இருக்கிறது?" பேருந்துக்கு நேரமாகிவிட்டதென்று கூறி வந்துவிட்டோம்.

ஐந்து சிட்டக் கம்பளி நூலைத் தாங்கித் தோள் கடுத்த பிறகே அந்த ராட்டை நம் கண்முன் வந்தது. பருத்தி நூலில் ஒரு சிட்டம் 840 கெஜம். 40-ஆம் நம்பர் நூல் என்றால் ஒரு பவுண்டு எடைக்கு 40 சிட்டங்கள். அதாவது 33,600 கெஜம். 19 மைல் நீளம். ஊடைக்கென வரும் நூல் முழுவதையும் யாரோ ஒருவர் தாராகச் சுற்றித் தந்தால்தான் நாடா ஓடும். அந்த ஒருவர் பெரும்பாலும் வீட்டுப் பெண்தான். தார் சுற்றுவது அவர். பாவு ஓட்டுகையில் இழை தாங்குவது அவர். கணவர் நோயுற்றால் தறியில் இறங்கி நெய்வதும் அவரே. கூலிப் பட்டியலில் இருப்பதோ ஒரே பெயர்.

மலையிலும் இதுவே நிலை. சிறு தேயிலை விவசாயிகளின் கூட்டுறவுத் தொழிற்சாலைகளுக்குத் தலைமைச் சங்கமாக 1965-ல் இன்கோசர்வ் அமைந்தது. அத்தொழிற்சாலைகளுக்குச் செல்லும் இலையில் பெரும்பகுதி பெண்களின் விரல் பறித்ததே. பட்டா ஆணின் பெயரில் இருப்பின், பங்கும் வாக்கும் அப்பெயரிலேயே நின்றுவிடுகின்றன.

செய்யத்தக்கவை

கார்த்திகை பிறப்பதற்கு மூன்று நாள் முன்பு சட்டை முடிந்தது. குறிப்பேட்டைக் கூட்டினோம்: 41 மணி நேரம். நூலுக்கு 300 ரூபாய் ஆயிற்று. அதேபோன்ற இயந்திரச் சட்டை கடைவீதியில் 450 ரூபாய். ஆக 41 மணி நேர உழைப்பின் விலை 150 ரூபாய். மணிக்கு நான்கு ரூபாய்கூட இல்லை. இக்கணக்கைக் காட்டியபோது இல்லாள் நகைத்தாள். "விலை இருக்கட்டும். வீட்டுக் கணக்கில் இதை எந்தத் தலைப்பில் எழுதப்போகிறீர்கள்?" என்றாள். நம்மிடம் அப்படியொரு தலைப்பு இல்லை.

அன்றிரவே அந்தச் சங்கத்தின் தலைவருக்குக் கடிதம் எழுதினோம். நாம் அன்று எழுதிய குறிப்பு சரியன்று என்பதை முதலில் ஒப்புக்கொண்டோம். கூட்டுறவுச் சட்டம் அங்கத்தினராவதற்கு ஆண், பெண் என்ற பேதம் வைக்கவில்லை. உலகக் கூட்டுறவாளர் 1995-ல் வகுத்த கொள்கைகளில் முதலாவது, பால் வேற்றுமையின்றி எவரையும் சேர்த்துக்கொள்ளுதல். போலி அங்கத்தினரைத் தடுக்க வழி வேண்டுமெனில், மனுதாரர் வீட்டுக்குச் சென்று அவர் நெய்வதைப் பார்ப்பதே வழி. யாருடைய மனைவி என்று பார்ப்பது வழியன்று. ஒரு தறியில் இருவர் நெய்தால், நூலைத் தறிக்கு வழங்கி, கூலியை நெய்தவர் பெயரில் எழுதலாம். தார் சுற்றும் வேலைக்கும் பட்டியலில் தனி இடம் கொடுத்துச் செய்தவர் பெயரைக் குறிக்கலாம். இவற்றுக்குப் பெரும் செலவு ஒன்றுமில்லை. பட்டியலில் இரண்டு கோடுகள் கூடுதலாகப் போட்டால் போதும்.

தலைவர் மரியாதையோடு பதில் எழுதியிருக்கிறார். மனுவை மீண்டும் குழுவின்முன் வைப்பதாகவும், அங்கத்தினர் சிலர் ஒப்பமாட்டார்கள் என்றும் கூறியிருக்கிறார். அவர் கூறுவது உண்மையே. ஆகவேதான் இது குழுவுக்கு மட்டும் உரிய விஷயமன்று என்று கருதி, அங்கத்தினர்களாகிய உங்களுக்கும் எழுதுகிறோம். உங்கள் சங்கத்தின் பொதுக்குழு கூடுமுன், ஒரு நாள் மாலை உங்கள் வீட்டில் யார் எவ்வளவு நேரம் உழைக்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பிறகு பாஸ் புத்தகத்தைத் திறந்து, அந்தப் பெயர்களில் எத்தனை அதில் இருக்கின்றன என்று பாருங்கள்.

மகள் இப்போது அந்தச் சட்டையோடுதான் பள்ளிக்குப் போகிறாள். இடக்கை சற்றே நீளமாக அமைந்துவிட்டது. பிரித்துச் சரிசெய்ய வேண்டாமென்று அவளே சொல்லிவிட்டாள். பாட்டியம்மாளின் ஊசிகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். வீட்டுக் கணக்குப் புத்தகத்தில் மட்டும் கார்த்திகை முதல் ஒரு புதிய தலைப்பு ஏறியிருக்கிறது. அதன்கீழே தொகை எழுதுவதில்லை. பெயரும் மணியும் எழுதிவருகிறோம்.