அன்சார்ட்டட் முடிச்சாச்சு, அடுத்த கேம் வாங்கலாமா? சீசன் சம்பளக்காரங்களுக்கு ஒரு கணக்கு

பட்டாசு, தீப்பெட்டி, பிரஸ்னு சீசனை நம்பிச் சம்பளம் வாங்குற நம்ம விருதுநகர் மாவட்டத்துக்காரங்களுக்காகவே எழுதின பதிவு இது. தீபாவளி முடிஞ்சு கம்பெனி லீவு விட்டதும், வீட்டுல உட்கார்ந்து ஒரு கேமை முழுசா முடிச்சிருப்பீங்க. கடைசியில பேர் ஓட ஆரம்பிக்கும்போதே கை அடுத்த கேமோட விலையைத் தேடும். போனஸ் பணம் இன்னும் அக்கவுன்ட்ல கொஞ்சம் இருக்கு. அடுத்த முழுச் சம்பளம் எப்போ வரும்னுதான் தெரியாது.

உதாரணத்துக்கு ‘அன்சார்ட்டட்: லெகசி ஆஃப் தீவ்ஸ் கலெக்‌ஷன்’ எடுத்துக்கலாம். நாட்டி டாக் நிறுவனத்தோட ‘அன்சார்ட்டட் 4’, ‘தி லாஸ்ட் லெகசி’ ரெண்டையும் மெருகேத்தி ஒரே பெட்டியில போட்ட ரீமாஸ்டர். 2022 ஜனவரியில பிளேஸ்டேஷன் 5க்கு வந்துச்சு, அதே வருஷம் அக்டோபர்ல கம்ப்யூட்டருக்கு. ‘தி லாஸ்ட் லெகசி’ கதை நடக்குறதே இந்தியாவுலதான். குளோயி ஃப்ரேசரும் நடின் ராஸும் ஹொய்சாளர் காலத்துக் கணேசர் தந்தத்தைத் தேடி மேற்குத் தொடர்ச்சி மலைக்குள்ள ஜீப்ல அலையுறாங்க. ஸ்ரீவில்லிபுத்தூர்லயோ ராஜபாளையத்துலயோ நின்னு மேற்கே பார்த்தா தெரியுதே, அதே மலைத்தொடர்தான், என்ன, கேம்ல இன்னும் வடக்கே. இன்னொரு விஷயம்: கேம்ல காட்டுக்குள்ள புதைஞ்சு கிடக்குற ஹளேபீடு, நிஜத்துல ஹாசன் மாவட்டத்துல பஸ்ல போய் இறங்கிப் பார்க்குற ஊர். 2023ல யுனெஸ்கோ பட்டியல்லயும் வந்தாச்சு. இதே ஹொய்சாளர்கள் நம்ம சமயபுரம் பக்கத்துக் கண்ணனூர்லயும் தலைநகர் வச்சு ஆண்டவங்கதான்.

சரி, பணத்துக்கு வருவோம்.

இந்தக் கலெக்‌ஷனை 3,000 ரூபாய்க்கு வாங்கினீங்கன்னு வச்சுக்கோங்க. ரெண்டு கதையையும் நேரா ஓடி முடிக்க சுமார் 22 மணி நேரம். மணிக்கு 136 ரூபாய் ஆச்சு. இப்போ அதையே ‘கிரஷிங்’ லெவல்ல திரும்ப ஆடினா, செத்துச் செத்துப் பிழைச்சு இன்னொரு 30 மணி நேரம் ஓடும். மொத்தம் 52 மணி நேரம், மணிக்கு 58 ரூபாய். இதுக்குப் பதிலா 5,000 ரூபாய்க்குப் புதுசா ஒண்ணு வாங்கி 20 மணி நேரத்துல முடிச்சா மணிக்கு 250. ரெண்டாவது ரவுண்டுக்குக் கையை விட்டு ஒத்தை ரூபாய் போகாது, கரண்ட் பில் தவிர.

ஆனா எல்லாருக்கும் இதையே சொல்ல மாட்டேன். டிஸ்க்கா வாங்கினவங்களுக்கு விக்கிற வழி இருக்கு. முடிச்ச கையோட வித்தா நல்ல காசு தேறும். நாலு மாசம் அலமாரியில கிடந்தா விலை இறங்கிடும். அதனால திரும்ப ஆடுறதா இல்லையானு முடிஞ்ச வாரமே முடிவு பண்ணிடுங்க. டவுன்லோடா வாங்கினவங்களுக்கு இந்தக் குழப்பம் இல்ல, விக்கவே முடியாது. ஆனா கேமை அழிச்சுடாதீங்க. கம்ப்யூட்டர்ல இது 126 ஜிபி இடம் கேக்குது. தினம் 2 ஜிபி மொபைல் பிளான்ல திரும்ப இறக்கணும்னா 63 நாள்!

அடுத்தது ‘நோ காஸ்ட் இஎம்ஐ’. இதுல வட்டி இல்லாம இல்ல. வட்டி அளவுக்குத் தள்ளுபடி கொடுத்து, அதே வட்டியை பேங்க் மாசாமாசம் வாங்கிக்குது. அந்த வட்டிக்கு 18% ஜிஎஸ்டி உங்க தலையில. 5,000 ரூபாயை 15% வட்டியில 3 மாசத்துக்குப் போட்டா வட்டி 125 ரூபாய் வரும், அதுக்கு ஜிஎஸ்டி 22. புராசஸிங் ஃபீஸ் 199னு வச்சா வரியோட 235. ஆக 257 ரூபாய் கூடுதல். தொகை சின்னதுதான். பிரச்சினை என்னன்னா, முதல் தவணை போனஸ் இருக்குற மாசம் போயிடும்; மூணாவது தவணை சம்பளம் பாதியான மாசம் வந்து நிக்கும். அப்போ கார்டுல ‘மினிமம் டியூ’ மட்டும் கட்டினா மாசத்துக்கு 3%க்கு மேல வட்டி ஏறும்.

ஏன் கஷ்டமான லெவலையே திரும்ப ஆடச் சொல்றேன்? அது கிட்டத்தட்ட புது கேம் மாதிரியே இருக்கும், அதான். ‘எக்ஸ்ப்ளோரர்’, ‘லைட்’, ‘மாடரேட்’, ‘ஹார்டு’, ‘கிரஷிங்’னு அஞ்சு லெவல் இருக்கு. மாடரேட்ல வெளிய வந்து சுட்டுத் தள்ளிட்டுப் போன இடத்துல, கிரஷிங்ல தலையைத் தூக்கினாலே காலி. குண்டும் குறைவா கிடைக்கும். உயரமான புல்லுக்குள்ள பதுங்கி, யார் எங்க நிக்கிறாங்கன்னு குறிச்சு வச்சு, ஒவ்வொருத்தனா அமைதியா முடிக்கணும். முதல் ரவுண்டுல குளோயி கம்பி விட்டுத் திறக்குற பூட்டுப் பெட்டிகளைக் கண்டுக்காம ஓடியிருப்பீங்க. இப்போ அந்தப் பெட்டியில இருக்குற துப்பாக்கிதான் உங்க முதலீடு. நாலாவது அத்தியாயத்துல, அந்தப் பெரிய திறந்தவெளியில, 11 ஹொய்சாளர் டோக்கனையும் சேர்த்துடுங்க. அதுக்குக் கிடைக்கிற காப்பு, பக்கத்துல புதையல் இருந்தா அதிர்ந்து காட்டிக் கொடுக்கும்.

கிரஷிங்ல ஜெயிக்கிறவங்க குண்டு நிறைய கிடைச்ச இடத்தை வச்சுத் திட்டம் போடறதில்ல. கிடைக்காத இடத்தை வச்சுதான் போடுறாங்க. நம்ம ஊர் சம்பளத்துக்கும் இதே கணக்குதான்.

பட்டாசு ஆலைகள் தீபாவளிக்குப் பிறகு கொஞ்ச நாள் மூடிக் கிடக்கும். திறந்தாலும் வடகிழக்குப் பருவமழை. வெயில் இல்லாம காயப்போட முடியாது, வேலை மந்தம்தான். நடுவுல கோர்ட் உத்தரவு, லைசென்ஸ் பிரச்சினைனு வந்தா இன்னும் இழுக்கும். 2018 அக்டோபர்ல உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகு ஆலைகள் மாசக்கணக்குல மூடிக் கிடந்தது உங்களுக்கே தெரியும். காலண்டர் பிரஸ்ல இருக்குறவங்களுக்குச் சக்கரம் வேற. ஆடிப்பெருக்குக்கு ஆல்பம் வெளியானதுல இருந்து புது வருஷம் வரைக்கும் அவங்களுக்கு ஓட்டம், அதுக்கப்புறம்தான் மந்தம்.

ஒருத்தருக்கு 8 மாசம் 18,000, மீதி 4 மாசம் 7,000 வருதுன்னு வைங்க. வருஷத்துக்கு 1,72,000. பன்னிரண்டால வகுத்தா மாசம் 14,333. அப்போ நல்ல மாசத்துலயும் செலவு 14,000தான். மிச்சம் 4,000 வீதம் 8 மாசத்துக்கு 32,000 சேரும். மந்தமான 4 மாசத்துல மாசம் 7,000 குறையும், அதுக்கு 28,000 போயிடும். கடைசியில மிஞ்சுறது 4,000. அதுதான் அந்த வருஷத்துக்கான உங்க கேம் பட்ஜெட். போனஸை இதுல சேர்க்கல. சட்டப்படி அது 8.33%ல இருந்து 20% வரை. கிடைச்சா முதல்ல பழைய கடன், கந்து வட்டி இருந்தா அதுக்கும் முன்னாடி அது.

இந்த 32,000 எங்க இருக்கணும்? போஸ்ட் ஆபீஸ் ஆர்டி நல்ல திட்டம்தான், ஆனா இதுக்கு ஆகாது. அது 5 வருஷம். 3 வருஷம் முடியாம மூட முடியாது. நமக்கு எட்டு மாசத்துல பணம் வேணும். அதனால பேங்க்ல குறுகிய கால ஆர்டி போடுங்க, சம்பளம் விழுந்த மறுநாளே கழியுற மாதிரி. தெருவுல கட்டுற தீபாவளிச் சீட்டுல இந்தப் பணத்தைப் போடாதீங்க. அங்க ரசீதும் சரியா இருக்காது, அவசரத்துக்கு எடுக்கவும் முடியாது.

இன்னொண்ணு, இதைச் சுத்தி வளைக்காம சொல்லிடறேன். கேம்ல செத்தா கடைசி செக்பாயின்ட்ல எழுந்திருப்போம். மருந்து அறையில வேலை பார்க்குறவங்களுக்கு அது கிடையாது. பிரதம மந்திரி சுரக்‌ஷா பீமா யோஜனா வருஷத்துக்கு 20 ரூபாய். விபத்துல இறந்தா குடும்பத்துக்கு 2 லட்சம். 18லிருந்து 70 வயசு வரை சேரலாம். ஜீவன் ஜோதி 436 ரூபாய். எந்தக் காரணத்தால இறந்தாலும் 2 லட்சம், சேர வயசு 18லிருந்து 50. ரெண்டும் சேர்த்து 456 ரூபாய். ரெண்டுக்கும் காப்பீட்டு வருஷம் ஜூன் 1ல தொடங்குது. மே கடைசியில அக்கவுன்ட்ல பணம் இல்லன்னா பாலிசி நின்னுடும், நம்மாளுங்க நிறைய பேருக்கு இது தெரியாமலே நடக்குது. நாமினி பேர் சரியா இருக்கான்னு பாஸ்புக்கோட போய் ஒரு தடவை கேட்டுடுங்க. அம்மா, அப்பா, தம்பி யார் ஆலைக்குப் போனாலும் அவங்களுக்கும் சேர்த்து.

ரெண்டாவது ரவுண்டு ஆரம்பிக்கிறவங்க நேரா கிரஷிங்குக்குப் போகாம, ‘ஹார்டு’ல ரெண்டு அத்தியாயம் ஆடிப் பாருங்க. ஒரு இடத்துல ஒரு மணி நேரமா மாட்டிக்கிட்டா மெனுவுல லெவலைக் குறைச்சுக்கலாம், தப்பில்ல. அப்படியும் சலிச்சுப் போச்சுன்னா புது கேமுக்கு விலை குறையுற விற்பனை நாள் வரட்டும், அந்த 4,000லிருந்து எடுங்க.