குற்றாலத்தில் வீடு வாங்கி நாள் வாடகைக்கு விடலாமா?

தென்காசி, கடையநல்லூர், வடகரை, புளியங்குடி பக்கத்துச் சகோதரர்கள் வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வரும்போது அடிக்கடி கேட்கும் கேள்வி இது. குடியிருக்க ஊரில் வீடு இருக்கிறது. பத்துப் பதினைந்து வருட உழைப்பின் சேமிப்பும் கையில் இருக்கிறது. வங்கியில் டெபாசிட் போட்டால் வட்டி. பங்குச் சந்தை என்றால் பயம். அந்த நேரம் பார்த்து ஒரு புரோக்கர் வந்து, "குற்றாலத்துல ஒரு வீட்ட வாங்கிப் போடுங்க பாய், சீசன்ல ஒரு நாளைக்கே அஞ்சாயிரம் வரும்" என்கிறார்.

வீட்டை வாடகைக்கு விட்டுச் சம்பாதிப்பது ஹலாலான வருமானம், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் மாத வாடகைக்கு விடுவதும் நாள் வாடகைக்கு விடுவதும் ஒன்றல்ல. மாத வாடகை என்றால் சாவியைக் கொடுத்துவிட்டு நீங்கள் ஜித்தாவுக்கு விமானம் ஏறலாம். நாள் வாடகை என்பது சின்ன அளவில் லாட்ஜ் நடத்துவது. அது முதலீடு மட்டுமல்ல, தொழில். பணத்தைப் போடுவதற்கு முன் இந்த வித்தியாசத்தை வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசிக்கொள்வது நல்லது.

முதலில் கணக்கு

நாளைக்கு 5,000 என்றால் மாதம் ஒன்றரை லட்சம், வருடத்துக்கு 18 லட்சம் என்று புரோக்கர் பெருக்கிக் காட்டுவார். குற்றாலத்தை அறிந்தவர்களுக்கு அந்தக் கணக்கு எங்கே தவறுகிறது என்பது தெரியும். தென்மேற்குப் பருவக்காற்றில் சாரல் விழும் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்கள்தான் சீசன். பிறகு கார்த்திகை, மார்கழியில் சபரிமலைக்குப் போகிறவர்கள் வருவார்கள். மற்ற மாதங்களில் பொதுவாகக் கூட்டம் குறைவுதான்.

60 லட்சத்துக்கு இரண்டு படுக்கையறை வீடு ஒன்றை வாங்கியதாக வைத்துக்கொள்வோம். இந்த எண்கள் உதாரணத்துக்குத்தான், உங்கள் வீட்டுக்கு ஏற்ப மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். சீசனின் மூன்று மாதங்களில் 13 வாரம். வெள்ளி, சனி இரவுகள் எல்லாமே நிரம்புகின்றன என்றால் 26 இரவு, 5,000 வீதம் 1,30,000. வார நாட்கள் 66. அதில் மூன்றில் ஒரு பங்கு நிரம்பினால் 22 இரவு, 3,000 வீதம் 66,000. சபரிமலை சீசனில் 20 இரவு, அதே 3,000 வீதம் 60,000. மீதி ஏழு மாதமும் மாதத்துக்கு இரண்டு இரவு என்றால் 14 இரவு, 2,500 வீதம் 35,000. மொத்தம் 82 இரவு, 2,91,000 ரூபாய்.

இனி செலவு. வீட்டைப் பார்த்துக்கொள்ள ஒருவரை மாதம் 10,000 சம்பளத்தில் வைத்தால் வருடத்துக்கு 1,20,000. ஒவ்வொரு இரவுக்கும் பெட்ஷீட், துண்டு சலவை, சுத்தம் செய்தல் என 400 ரூபாய் போனால் ஏறத்தாழ 33,000. கரண்டும் தண்ணீரும் 25,000. பாதி வாடகை ஆப் வழியாக வந்து, அதற்கு 15 சதவீதம் கமிஷன் கொடுத்தால் 22,000. பெயிண்ட், மெத்தை, கீசர், குழாய் ரிப்பேர் என்று 30,000. சாரல் விழும் ஊரில் சுவர் ஊறுவதும் மெத்தையில் பூஞ்சை பிடிப்பதும் வழக்கம், எனவே இந்தத் தொகை அதிகமில்லை. ஆக மொத்தச் செலவு 2,30,000.

கையில் நிற்பது 61,000 சொச்சம். அறுபது லட்சத்துக்கு ஒரு சதவீதம்! இதே பணத்துக்குத் தென்காசியில் ஒரு வீடு வாங்கி மாதம் 12,000 வாடகைக்கு விட்டால் வருடத்துக்கு 1,44,000 வரும். ராத்திரி பதினோரு மணிக்கு "பாத்ரூம்ல தண்ணி வரல" என்று போனும் வராது.

இந்தக் கணக்கைத் தலைகீழாக மாற்றக்கூடியது ஒன்றே ஒன்று, வீட்டைப் பார்த்துக்கொள்கிற ஆள். வாப்பாவோ, ஊரோடு இருக்கும் தம்பியோ, மச்சானோ பொறுப்பாக நடத்தினால் அந்த 1,20,000 குடும்பத்துக்குள்ளேயே நிற்கும். ஆனால் அவருக்கும் ஒரு பங்கையோ சம்பளத்தையோ ஆரம்பத்திலேயே பேசி எழுதிவிடுங்கள். "குடும்பத்துக்குள்ள என்ன கணக்கு" என்று விட்டுவிட்டு இரண்டாம் வருடம் பேச்சுவார்த்தை இல்லாமல் போன குடும்பங்கள் நம் ஊர்களில் குறைவா? ஊரில் ஆள் இல்லாதவர்கள் இந்தத் தொழிலில் இறங்க வேண்டாம் என்பதே என் கருத்து. அப்படியே வீட்டை வாங்கிவிட்டாலும், வருட வாடகைக்கு எடுத்து நடத்துகிற ஒருவரிடம் நிர்ணயித்த தொகைக்கு விட்டுவிடலாம். வருமானம் குறையும், தலைவலியும் குறையும். ஒத்திக்கு மட்டும் விடாதீர்கள். மொத்தப் பணத்தை வாங்கிக்கொண்டு வாடகையில்லாமல் இருக்க விடுவது, கடனுக்குப் பகரமாகப் பயன் கொடுப்பதாகிவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

"ஹோம்ஸ்டே என்று போர்டு வைத்தால் போதும்" என்று சொல்லப்படுவதை நம்ப வேண்டாம். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் ஹோம்ஸ்டே திட்டத்தில் உரிமையாளர் குடும்பத்தோடு அதே வீட்டில் வசிக்க வேண்டும் என்பது நிபந்தனை. விடலாம் என்கிற அறைகளும் அதிகபட்சம் ஆறு. ரியாத்தில் இருந்துகொண்டு பூட்டிய வீட்டை நாள் வாடகைக்கு விடுவது அந்த வகையில் வராது. உள்ளாட்சி அலுவலகத்தில் என்ன உரிமம் வேண்டும், கட்டட அனுமதி குடியிருப்புக்கா வணிகத்துக்கா என்பதை வாங்குவதற்கு முன்பே விசாரியுங்கள். சொத்து வரியும் அதைப் பொறுத்து மாறும்.

பலரும் கவனிக்காதது மின் இணைப்பு. வீட்டு இணைப்பில் வணிகம் நடத்தினால் அது 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவின்படி அனுமதியற்ற பயன்பாடு. உரிய கட்டணத்தைப் போல இரு மடங்கு கட்டச் சொல்லலாம். எப்போதிருந்து என்று தெரியாவிட்டால் 12 மாதத்துக்குக் கணக்கிடுவார்கள். உங்கள் வீட்டுக்கு எந்தக் கட்டண வீதம் பொருந்தும் என்று மின்வாரிய அலுவலகத்தில் கேட்டு மாற்றிக்கொள்வது ஒரு நாள் வேலை.

தங்குகிறவர்களின் அடையாள அட்டை நகலும் பெயர்ப் பதிவேடும் எப்போதும் வேண்டும். வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டில் வருகிறவர்கள், உதாரணமாக இலங்கையிலிருந்து வரும் உறவினர்களின் நண்பர்கள், தங்கினால் 24 மணி நேரத்துக்குள் குடிவரவுத் துறைக்கு ஆன்லைனில் தெரிவிக்க வேண்டும். "நம்ம ஆளுதானே" என்று விட்டுவிடக் கூடாது.

ஜிஎஸ்டி பதிவு, வருட வருமானம் 20 லட்சத்தைத் தாண்டினால்தான் கட்டாயம். ஒற்றை வீடு பெரும்பாலும் அதைத் தொடாது. ஆனால் ஆப் வழியாக வரும் முன்பதிவுகளுக்கு, உரிமையாளர் பதிவு செய்யாதவர் என்றால் அந்த நிறுவனமே விருந்தினரிடம் வரியை வசூலித்துக் கட்டும். 2025 செப்டம்பர் 22 முதல், ஓர் அறைக்கு நாளொன்றுக்கு 7,500 ரூபாய் வரை 5 சதவீதம். வளைகுடாவில் சம்பளத்துக்கு வருமான வரி இல்லை என்பதால் இந்த வாடகைக்கும் இல்லை என்று எண்ண வேண்டாம். இந்தியாவில் உள்ள வீட்டின் வருமானத்துக்கு இந்தியாவில்தான் கணக்குக் காட்ட வேண்டும். வாடகைப் பணம் என்ஆர்ஓ கணக்கில் வரட்டும்.

அட்வான்ஸ் பணம் யாருக்கு?

மார்க்க ரீதியாக அதிகம் சிக்கல் வருவது இங்கேதான். இரண்டு நாளைக்கு முன்பதிவு செய்து 3,000 அட்வான்ஸ் அனுப்பிய குடும்பம் முதல்நாள் இரவு வரவில்லை என்கிறது. அந்தப் பணத்தை வைத்துக்கொள்ளலாமா?

இதை ஃபிக்ஹ் நூல்களில் உர்பூன் என்பார்கள். ஹனஃபி, ஷாஃபிஈ, மாலிகி மத்ஹபுகளில் ரத்தானால் அட்வான்ஸைப் பறிமுதல் செய்யும் நிபந்தனை கூடாது. ஹன்பலி மத்ஹபில் கூடும். சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1993இல் புரூணையில் கூடியபோது, காத்திருக்கும் காலம் வரையறுக்கப்பட்டிருந்தால் கூடும் என்று முடிவெடுத்தது. வாடகைக்கும் அது பொருந்தும். நம் பகுதியில் பெரும்பாலோர் ஷாஃபிஈ அல்லது ஹனஃபி என்பதால் உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். பேணுதலான வழி ஒன்று உண்டு: அந்த நாளுக்கு வேறு ஆள் கிடைத்துவிட்டால் முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுப்பது, கிடைக்காவிட்டால் வேறு தேதி கொடுப்பது. எதுவானாலும் பணம் வாங்கும்போதே வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பிவிட வேண்டும். எத்தனை மணிக்கு வரலாம், எத்தனை மணிக்குக் காலி செய்ய வேண்டும், கூடுதல் ஆளுக்கு எவ்வளவு என்பதும் அதிலேயே இருக்கட்டும். காலமும் கூலியும் தெளிவாக இல்லாத வாடகை ஒப்பந்தம் குறையுள்ளது.

அருவியில் குளிக்கத் தடை விதித்துவிட்டால்? 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளத்தில் ஒரு சிறுவன் இறந்ததையடுத்து அருவிகளில் குளிக்கத் தடை போட்டார்கள். நீங்கள் வாடகைக்கு விட்டது வீட்டைத்தான், அருவியை அல்ல. எனவே ஒப்பந்தம் அப்படியே நிற்கிறது. இருந்தாலும் வருந்தி வந்து ரத்துக் கேட்கிறவரை விட்டுக்கொடுத்து அனுப்புவதற்கு ஹதீஸ்களில் பெரிய நன்மை சொல்லப்பட்டிருக்கிறது. பிள்ளைகளோடு ஏமாந்து நிற்கிற குடும்பத்துக்கு அந்தச் சலுகையைக் கொடுக்கலாம்.

யார் தங்குகிறார்கள்?

குற்றாலத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் முஸ்லிமல்லாதவர்கள். அவர்களுக்கு வீட்டை வாடகைக்கு விடுவதில் தடையில்லை. ஐயப்ப பக்தர்கள் அறையில் அவர்கள் வழிபாட்டைச் செய்தால் என்ன என்று சிலர் தயங்குகிறார்கள். நீங்கள் விட்டது தங்குவதற்காக. அதற்குள் அவர்கள் செய்வது அவர்கள் பொறுப்பு என்ற விளக்கம் பழைய ஹனஃபி நூல்களிலேயே இருக்கிறது.

மது விஷயம் வேறு. குடிப்பதற்கென்றே அறை தேடி வரும் கூட்டம் என்று தெரிந்தும் சாவியைக் கொடுத்தால், அது பாவத்துக்குத் துணைபோவது. சீசனில் அதிக வாடகை தருவதும் சில நேரம் அந்தக் கூட்டம்தான். "குடும்பங்களுக்கு மட்டும், மது கூடாது" என்று விளம்பரத்திலேயே போட்டுவிடுங்கள். சில இரவுகள் காலியாகத்தான் போகும். அதையும் மேலே உள்ள கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுக்காரரின் ஹக்கையும் மறக்கக் கூடாது. சந்தில் மூன்று வேன் நிற்பதும் நள்ளிரவில் ஸ்பீக்கர் அலறுவதும் அவருக்குத்தான் தொல்லை. உங்கள் போன் நம்பர் அவரிடம் இருக்கட்டும்.

வீட்டை நீங்கள் நடத்தவே வேண்டாம், போட்ட பணத்துக்கு மாதாமாதம் இத்தனை சதவீதம் நிச்சயம், ஐந்து வருடத்தில் போட்ட பணத்துக்கே திருப்பி வாங்கிக்கொள்கிறோம் என்று ரிசார்ட் வில்லா விற்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆள் வந்தாலும் வராவிட்டாலும் முதலுக்கு உத்தரவாதம், மேலே நிர்ணயித்த சதவீதம் என்றால் அதற்கு வாடகை என்று பெயர் வைத்தாலும் அது கடன்மேல் வட்டி போலத்தான் இருக்கிறது. பலரிடம் பணம் திரட்டி நடத்தும் இத்தகைய கூட்டு முதலீட்டுத் திட்டங்களுக்கு செபியின் பதிவும் வேண்டும். பத்திரம் உங்கள் பெயரில் வருகிறதா என்பதை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள்.

கடைசியாக ஜகாத். வாடகைக்கு விடுவதற்காக வாங்கிய வீட்டின் மதிப்புக்கு ஜகாத் இல்லை. வந்த வாடகையில் செலவு போக மீதமிருப்பதை உங்கள் மற்ற சேமிப்போடு சேர்த்து, நிஸாபை எட்டி ஒரு வருடம் கடந்தால் இரண்டரை சதவீதம். ஆனால் "விலை ஏறியதும் விற்றுவிடலாம்" என்ற நிய்யத்தில் வாங்கியிருந்தால் அது வியாபாரப் பொருள்; ஒவ்வொரு வருடமும் அன்றைய சந்தை மதிப்புக்கு ஜகாத் வரும். வாங்கும்போது என்ன எண்ணத்தில் வாங்குகிறீர்கள் என்பதைப் பத்திரத்தோடு ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ரமளானில் உட்கார்ந்து கணக்குப் போடும்போது அது உதவும்.