ஆற்றுவாய் அலையும் மலைநாட்டு மணலும்

ஆறு கடலில் சேரும் இடத்தில், ஆற்றுமணல் குவிந்த திட்டின்மேல் உடையும் அலையே ஆற்றுவாய் அலை. அலைச்சறுக்கு ஆடுவோர் அலைகளை அவை உடையும் தரையை வைத்து வகைபிரிப்பார்கள். திறந்த மணற்கரையில் உடைவது ஒன்று. பாறை அல்லது பவளப் படுகையில் உடைவது மற்றொன்று. கடலுக்குள் நீளும் முனையை ஒட்டிச் சரிந்து உடைவது மூன்றாவது. ஆற்றுவாயில் உடைவது நான்காவது. இவற்றுள் ஆற்றுவாய் அலைதான் அடிக்கடி உருமாறுவது. பாறை நூற்றாண்டுக் கணக்கில் அசையாமல் கிடக்கும். ஆற்றுவாய்த் திட்டோ ஒரே இரவு வெள்ளத்தில் கரைந்துபோகும், சில மாதங்களில் மீண்டும் சேரும். அந்தத் திட்டுக்கு வேண்டிய மணல் மலையிலிருந்து வருகிறது.

இலங்கையின் சப்ரகமுவ மலைகளின் நடுவே உள்ள பெல்மதுளை, கடலிலிருந்து நேர்கோட்டில் 50 கிலோமீற்றருக்கும் அப்பால் இருக்கிறது. ஆனாலும் இரண்டு ஆற்றுவாய்களுக்கு இங்கிருந்து வழி பிரிகிறது. மேற்கே இரத்தினபுரிக்குப் போகும் ஏ4 வீதி களு கங்கைப் பள்ளத்தாக்கில் இறங்குகிறது. தெற்கே கிளைக்கும் ஏ18 வீதி கஹவத்தை, எம்பிலிப்பிட்டிய வழியாக வளவை கங்கையின் நாட்டைக் கடந்து, அம்பலாந்தோட்டைக்கு அருகே நோனாகமையில் முடிகிறது. களு கங்கை களுத்துறையிலும் வளவை கங்கை அம்பலாந்தோட்டையிலும் கடலைச் சேர்கின்றன. இந்த இரண்டும் அலைச்சறுக்குக்குப் பெயர்பெற்ற இடங்கள் அல்ல. எனினும், ஆற்றுவாய் அலை எப்படி உருவாகிறது, எப்படி அழிகிறது என்பதை இவற்றில் தெளிவாகக் காணலாம்.

அலையின் பயணம்

இலங்கையின் தென்கரையில் உடையும் பெரிய அலைகள் பல, பூமத்தியரேகைக்குத் தெற்கே 40 முதல் 50 பாகை அகலாங்கில் பிறக்கின்றன. அங்கே வீசும் வலுவான மேலைக்காற்றைத் தடுக்க நிலம் மிகக் குறைவு. புயற்காற்று கடலின் மேற்பரப்பை நாட்கணக்கில் தள்ளும்போது, அதன் ஆற்றலில் ஒரு பகுதி நீண்ட அலைகளாக மாறி வடக்கு நோக்கி வருகிறது. இரண்டு முகடுகள் ஓரிடத்தைக் கடப்பதற்கிடையே 15 விநாடி கழிந்தால், ஆழ்கடலில் அவற்றுக்கு இடைப்பட்ட நீளம் ஏறக்குறைய 350 மீற்றர். தனி முகடு மணிக்கு 84 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும். அலைக்கூட்டத்தின் ஆற்றல் அதில் பாதி வேகத்தில், அதாவது மணிக்கு 42 கிலோமீற்றர் வேகத்தில் நகரும். சுமார் 5,500 கிலோமீற்றரைக் கடக்க அதற்கு ஐந்தரை நாள் வேண்டும்.

இத்தகைய நீள் அலைகள் உள்ளூரில் காற்றே இல்லாத நாளிலும் வந்து சேரும். தெளிந்த வானத்தின் கீழ் திடீரெனக் கரையேறி வீடுகளுக்குள் புகும் இவ்வகைக் கடல் எழுச்சியைக் கேரளத்து மீனவர்கள் ‘கள்ளக்கடல்’ என்கிறார்கள். திருடனைப் போலச் சொல்லாமல் வருவதால் அந்தப் பெயர். யுனெஸ்கோ 2012ஆம் ஆண்டு இச்சொல்லை அறிவியல் வழக்காக ஏற்றுக்கொண்டது.

அலை ஏன் உடைகிறது?

தன் நீளத்தில் பாதியைவிடக் கடல் ஆழம் குறையும்போது அலை தரையை உணரத் தொடங்குகிறது. 350 மீற்றர் நீள அலைக்கு இது 175 மீற்றர் ஆழத்திலேயே நிகழ்ந்துவிடும். ஆழம் குறையக் குறைய அலையின் வேகமும் குறைகிறது. பின்னால் வரும் அலை நெருங்க, முகடு உயர்கிறது. பொதுக் கணக்காக, அலையின் உயரம் அங்குள்ள ஆழத்தில் ஐந்தில் நான்கு பங்கை நெருங்கும்போது முகடு சாய்ந்து உடையும். ஒன்றரை மீற்றர் அலை ஏறத்தாழ இரண்டு மீற்றர் நீரில் உடையும்.

சறுக்குவதற்கு உயரம் மட்டும் போதாது. முகடு முழுவதும் ஒரே நேரத்தில் கவிழ்ந்தால் பலகையில் நிற்பவருக்கு ஓட இடமில்லை. ஒரு முனையில் தொடங்கி மறுமுனை நோக்கி வரிசையாக உடைந்துவரும் அலையே சறுக்கத் தகுந்தது. ஆற்றுவாய்த் திட்டு இதற்கு வசதியான வடிவம் கொண்டது. ஆற்றுநீர் நடுவே ஆழமான ஓடையை அறுத்துச் செல்ல, மணல் இருபுறமும் விசிறிபோல் பரவிக் கிடக்கிறது. அலை மேடான இடத்தில் முதலில் உடைந்து, ஆழமான ஓடையை நோக்கிப் படிப்படியாகச் சரிகிறது. அந்த ஓடையில் அலை உடையாததால், சறுக்குவோர் அதன் வழியாகவே கடலுக்குள் துடுப்புப் போட்டுப் போகிறார்கள். கர்நாடகத்தின் முல்கியில் சாம்பவி ஆறு கடலைச் சேருமிடத்தில் இதைக் காணலாம். 2004ஆம் ஆண்டு அங்கே தொடங்கிய மந்திரா சர்ப் கிளப், இந்தியாவின் முதல் அலைச்சறுக்குக் கழகங்களுள் ஒன்று.

மாணிக்கம் தங்கும், மணல் போகும்

சப்ரகமுவ மலைகளின் பாறை மிகப் பழைய உருமாறிய பாறை. ஈரமும் வெப்பமும் சேர்ந்து அதைச் சிதைக்கின்றன. இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கும் அதிகமாக மழை பெய்கிறது. பாறையின் மென்மையான கனிமங்கள் களிமண்ணாகிக் கரைந்துபோக, எளிதில் சிதையாத படிகக்கல் மணலாக எஞ்சுகிறது.

அந்த மணலை ஆறு எடையறிந்து பிரிக்கிறது. படிகக்கல் மணல், நீரைப் போல் 2.65 மடங்கு அடர்த்தியானது. நீலக்கல்லும் சிவப்புக்கல்லும் அடங்கிய குருந்தக் கற்கள் 4 மடங்கும், சிர்க்கோன் அதைவிடவும் கூடுதலாகவும் அடர்த்தி கொண்டவை. ஆற்றின் வேகம் சற்றுத் தணிந்தாலே இந்தக் கனமான கற்கள் சரளையோடு கீழே தங்கிவிடும். காலப்போக்கில் அந்தச் சரளைமேல் களியும் வண்டலும் மூடுகின்றன. பெல்மதுளையிலும் இரத்தினபுரியிலும் குழி தோண்டுவோர் தேடும் ‘இல்லம்’ என்னும் சரளைப் படை இப்படி உண்டானது. கூடையில் இல்லத்தை வைத்து நீரில் சுழற்றி அரிக்கும் தொழிலாளி, ஆறு ஏற்கெனவே செய்த அதே வேலையைக் கையால் செய்கிறார்: இலேசானது வெளியேறும், கனமானது அடியில் தங்கும். அப்படி வெளியேறும் இலேசான மணலே வெள்ளத்துக்கு வெள்ளம் நகர்ந்து கடலை அடைந்து ஆற்றுவாய்த் திட்டாகிறது.

சிவனொளிபாத மலையில் தொடங்கும் களு கங்கையின் நீளம் 129 கிலோமீற்றர். தென்மேற்குப் பருவமழையில் அது வண்டலோடு பெருகி வரும்போது ஆற்றுவாய் அகலமாகத் திறக்கிறது. மழை குறைந்து ஆறு மெலிந்ததும், அலைகள் கரையோரமாக மணலைத் தள்ளி வாயைக் குறுக்குகின்றன. சிறிய ஆறுகளிலும் களப்புகளிலும் இந்தத் திட்டு வாயை முழுவதுமாக மூடிவிடுவதும் உண்டு. வெள்ளம் தேங்கும் காலத்தில் கிழக்கு மாகாணத்தில் மக்கள் ஆற்றுவாய் வெட்டிவிடுவது இதனால்தான்.

பருவம் சறுக்குவோரின் நாட்காட்டியையும் வகுக்கிறது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குக் கரையில் காற்றும் கடலும் கொந்தளிக்கும். அப்போது கிழக்கே அறுகம்பையில் அலைகள் ஒழுங்காக உடையும். 2019 செப்டெம்பரில் உலக அலைச்சறுக்கு லீக்கின் போட்டி அங்கே நடந்தது. நவம்பர் முதல் ஏப்ரல் வரை தென்மேற்குக் கரையின் வெலிகம, மிதிகம, ஹிக்கடுவை ஆகிய இடங்களின் முறை வருகிறது.

குளிர்நீர்க் கடலில்

இலங்கையைச் சூழ்ந்த கடலின் வெப்பநிலை ஆண்டு முழுவதும் 27 பாகை செல்சியசை ஒட்டியோ அதற்கு மேலோ இருப்பதால், இங்கே சறுக்குவோருக்குக் குளிர் ஒரு பொருட்டல்ல. ஸ்கொட்லாந்தின் வடகரையில், 58 பாகை வட அகலாங்கைத் தாண்டிய தேர்சோவில் நிலைமை வேறு. அங்கே தேர்சோ ஆறு கடலில் சேரும் இடத்தின் கிழக்கே, தட்டையான பலகைக்கல் பாறைமேல் வலப்பக்கமாக நீண்டு உடையும் அலை உலகறிந்தது. சதுப்புநிலக் கரியில் ஊறி வரும் ஆற்றுநீர், அலையைத் தேயிலைச் சாயம் போலப் பழுப்பாக்குகிறது. 2006ஆம் ஆண்டிலிருந்து அங்கே பன்னாட்டுப் போட்டிகள் நடந்துள்ளன. குளிர்காலத்தில் கடல்நீரின் வெப்பநிலை சுமார் 7 பாகைக்கு இறங்கும்.

நீர், காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உடலின் வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். 15 பாகைக்குக் குறைந்த நீரில் திடீரென விழுந்தவருக்கு முதல் மூன்று நிமிடமே பெரிய ஆபத்து. மூச்சு தன்னையறியாமல் உள்ளிழுக்கப்படும். அந்தக் கணம் முகம் நீருக்குள் இருந்தால் மூழ்க நேரிடும். அடுத்த அரைமணிக்குள் கைகால் தசைகள் விறைத்து நீந்த முடியாமல் போகும். உள்ளுடல் வெப்பம் 35 பாகைக்குக் கீழே இறங்கும் தாழ்வெப்ப நிலை அதன்பிறகே வரும்.

இதைத் தடுப்பது நியோப்பிரீன் உடை. 1950களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் இயற்பியலாளர் ஹியூ பிராட்னர் இதன் முதல் வடிவத்தை உருவாக்கினார். இந்த ரப்பர் நுரையினுள் நுண்ணிய வாயுக் குமிழிகள் நிறைந்துள்ளன. வெப்பத்தைத் தடுப்பவை அந்தக் குமிழிகளே. உடலுக்கும் உடைக்கும் இடையே புகும் சிறிதளவு நீரை உடலே சூடாக்கிவிடும். தேர்சோ போன்ற இடங்களில் ஐந்து, ஆறு மில்லிமீற்றர் தடிப்புள்ள உடையோடு தலையுறை, கையுறை, காலுறை எல்லாம் வேண்டும்.

குளிர்நீர் அலை கனமாக அடிக்கும் என்று சறுக்குவோர் சொல்வார்கள். ஆனால் 5 பாகைக் கடல்நீருக்கும் 28 பாகைக் கடல்நீருக்கும் இடையிலான அடர்த்தி வேறுபாடு நூற்றுக்கு ஒன்றைவிடக் குறைவு. கனத்த உடையும் விறைத்த தசையுமே அந்த உணர்வுக்குப் பெரும் காரணம். ஆற்றுவாயில் அதைவிடப் பெரிய வேறுபாடு உண்டு. நன்னீர் கடல்நீரைவிட நூற்றுக்கு இரண்டரைப் பங்கு இலேசானது. அதனால் அது கடலின்மேல் படலமாகப் பரவுகிறது, அதில் பலகையும் சற்று ஆழமாக அமிழ்கிறது.

ஆற்றுவாயின் ஆபத்துகள்

வெளியே ஓடும் ஆறும் உள்ளே வரும் அலையும் எதிரெதிரே மோதும்போது, அலை குறுகிச் செங்குத்தாகிறது. கடல் வற்றும் வேளையில் இந்த மோதல் உச்சத்தை எட்டும். தேர்சோவில் பெருக்குக்கும் வற்றுக்கும் இடையே நீர்மட்டம் நான்கு மீற்றர் அளவுக்கு மாறக்கூடும். இலங்கையில் அந்த வேறுபாடு ஒரு மீற்றருக்கும் குறைவு. எனவே இங்கே ஆற்றுவாய் நீரோட்டத்தின் வலுவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் மலையில் பெய்யும் மழை. அந்த ஓட்டத்தில் சிக்கியவர் அதை எதிர்த்து நீந்தாமல், கரைக்கு இணையாக நீந்தி ஓட்டத்திலிருந்து விலகவேண்டும்.

மழைக்குப் பின் ஆறு மரக்கட்டைகளையும் கழிவையும் எலிக்காய்ச்சல் கிருமியையும் இறக்கிவிடுகிறது. இரத்தினபுரி, களுத்துறை ஆகிய இரண்டும் அந்நோய் அதிகம் காணப்படும் மாவட்டங்கள். கழிமுகங்களிலும் களப்புகளிலும் உவர்நீர் முதலைகள் வாழ்கின்றன. 2017 செப்டெம்பரில் அறுகம்பைக்குத் தெற்கே ஒரு களப்பின் ஓரத்தில் பிரித்தானிய இதழாளர் ஒருவர் முதலை தாக்கி இறந்தார். கலங்கிய ஆற்றுவாயில் இறங்காமல் இருப்பதே பாதுகாப்பு.

மணல் நின்றால்

ஸ்பெயினின் பாஸ்க் கரையிலுள்ள முண்டாக்கா, ஐரோப்பாவின் புகழ்பெற்ற ஆற்றுவாய் அலை. 2003ஆம் ஆண்டு அங்கே கப்பல் கட்டும் தளமொன்றுக்காகக் கழிமுகத்தின் மணல் தோண்டப்பட்டது. திட்டின் வடிவம் குலைந்து அலை காணாமற்போனது. 2005இல் நடக்கவிருந்த பன்னாட்டுப் போட்டி கைவிடப்பட்டது. பின்னர் ஆறும் கடலும் திட்டை மீண்டும் கட்டியெழுப்ப, அலை திரும்பியது. மணல் வரத்து நிற்காததால்தான் திட்டு மீண்டும் கூடியது.

களுத்துறையில் நடந்தது இன்னும் கடுமையானது. களு கங்கைக்கும் கடலுக்கும் நடுவே நீண்டு கிடந்த கலிடோ கடற்கரை, ஆறு கொண்டுவந்த மணலால் ஆன திட்டு. 2017 மே மாதம் தென்மேற்கில் வெள்ளமும் மண்சரிவும் 200க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டபோது, நீரை வடியவிட அந்தத் திட்டு வெட்டப்பட்டது. வெட்டிய வாயை அலைகள் அகலமாக்கி, கடற்கரையின் பெரும்பகுதியைக் கொண்டுபோயின. வறண்ட மாதங்களில் உப்புநீர் ஆற்றில் மேலேறி, குடிநீர் எடுக்கும் இடத்தை எட்டியது. ஆற்றுப் படுகையில் பல ஆண்டுகளாக மணல் அள்ளப்பட்டதால், இழந்த திட்டு விரைவாகக் கூடுவதற்கு வேண்டிய மணலும் குறைந்திருந்தது. படுகை தாழ்ந்ததால் கடல்நீர் ஏறவும் எளிதாயிற்று.

வளவை கங்கையில் மணலை மறிப்பவை அணைகள். 1960களின் இறுதியில் உடவளவையும் 1992இல் சமனலவெவயும் நீரைத் தேக்கத் தொடங்கின. அணைக்குள் நுழையும் வெள்ளம் வேகமிழந்து மணலை அடியில் விட்டுவிடுகிறது. நீர் மதகு வழியே போகும். மணல் தேக்கத்தில் நின்றுவிடும்.

1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனியங்கள் சட்டத்தின்படி இலங்கையில் ஆற்றுமணல் அள்ள உரிமம் வேண்டும். சட்டம் அள்ளுகிற இடத்தைப் பார்க்கிறது; இழப்போ பல கிலோமீற்றர் தள்ளி, பல ஆண்டு கழித்துக் கடற்கரையில் தெரிகிறது. ஆற்றுவாய்த் திட்டு சறுக்குவோருக்கு அலை தருகிறது, மீனவருக்குப் படகுத்துறையைக் காக்கிறது, ஊருக்குக் குடிநீரைக் காக்கிறது. பெல்மதுளையிலோ இரத்தினபுரியிலோ மணலுக்கு விலை பேசும்போது, களுத்துறையில் அது செய்யவேண்டிய இந்த வேலையையும் அந்த விலையில் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.