ஓடினா காசு வருமா?

"எங்க ஊரு நாய் விரட்டினா சும்மாவே ஓடுவோம். அதுக்கு எவன்டா காசு தருவான்?" ராஜபாளையத்தில் மாரத்தான் பற்றிப் பேசினாலே நண்பர்கள் இப்படித்தான் மடக்குகிறார்கள்.

தர்றாங்க சார்! லண்டன் மாரத்தான் ஆரம்பித்தது 1981-ல். மும்பை மாரத்தான் 2004-ல். "நான் ஓடறேன், பிள்ளைங்க படிப்புக்கு நீங்க கொடுங்க" என்று தெரிந்தவர்களிடம் கேட்க வேண்டியது. பணம் நேரே தொண்டு நிறுவனத்துக்கு. லண்டனில் ஓடி, ஆப்பிரிக்கப் பிள்ளைகளின் படிப்புக்குத் திரட்டுகிறவர்களும் உண்டு. நமக்குக் கால்வலி மட்டும்!

தூரம் 42.195 கிலோமீட்டர். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஏறக்குறைய ரெண்டு தடவை போய்த் திரும்பணும், பால்கோவா கடையில் நிற்காமல்!

"வயசாச்சுப்பா" என்கிறீர்களா? பஞ்சாபில் பிறந்த ஃபௌஜா சிங், 2000-ல் லண்டனில் தன் முதல் மாரத்தானை ஓடியபோது அவருக்கு வயது 89. குறைமாதக் குழந்தைகளுக்காக நிதி திரட்டினார்.

தினமும் விடியற்காலையில் அதே ரோட்டில் ஓடுகிறேன். அது பழகிடுச்சு. ஆபீஸில் பக்கத்து சீட்காரரிடம் நூறு ரூபாய் கேட்பதுதான் நிஜ மாரத்தான்! கேட்டேன். கொடுத்தார். "பாதியில நின்னா வட்டியோட திருப்பித் தரணும், தம்பி!"

இனி எங்கே நிற்பது? வட்டிக்குப் பயந்து இல்லே... யாரோ ஒரு பிள்ளையின் நோட்டுப் புத்தகம் அதில் இருக்கே!