வயது வந்த பிள்ளையும் முடிவில்லா விளையாட்டும்

பதினெட்டு வயதைக் கடந்த மகனோ மகளோ நாளின் பெரும்பகுதியை வீடியோ விளையாட்டில் கழிக்கும்போது வீட்டில் எழும் பூசல், செல்போன் கேட்டு அடம்பிடிக்கும் சிறுவர்களால் எழும் பூசலிலிருந்து அடிப்படையிலேயே வேறுபட்டது. சிறுவரிடமிருந்து கருவியை வாங்கிவைக்கவும் நேரத்தை வரையறுக்கவும் பெற்றோருக்கு உரிமை உண்டு. வயது வந்தவரிடம் அந்த உரிமை செல்லுபடியாவதில்லை என்றாலும், அவருடைய உணவும் உறைவிடமும் இணையக் கட்டணமும் பெற்றோரின் பொறுப்பாகவே தொடர்கின்றன. அதிகாரம் நீங்கிய பின்னும் பொறுப்பு நீங்காத இந்த நிலையில்தான் தந்தையின் கோபமும் தாயின் கண்ணீரும் பிள்ளையின் மூடிய கதவும் ஒன்றையொன்று வளர்க்கின்றன.

எது மிகை என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டு ஏற்று, 2022 ஜனவரி முதல் நடைமுறைப்படுத்திய நோய் வகைப்பாட்டின் பதினோராம் பதிப்பில் 'விளையாட்டுக் கோளாறு' ஒரு நோய்நிலையாக இடம்பெற்றுள்ளது. விளையாட்டின் மீதான கட்டுப்பாட்டை இழத்தல், பிற ஆர்வங்களையும் அன்றாடக் கடமைகளையும் விட விளையாட்டுக்கே முதலிடம் தருதல், கேடு விளைவது தெரிந்தும் தொடர்தல் ஆகிய மூன்றும் சேர்ந்து, படிப்பையோ வேலையையோ உறவுகளையோ குறிப்பிடத்தக்க அளவு சிதைத்து, வழக்கமாகப் பன்னிரண்டு மாதங்களாவது நீடித்தால்தான் இந்தப் பெயர் பொருந்தும். அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட கையேடு, இதனை மேலும் ஆராயப்பட வேண்டிய நிலைகளுள் ஒன்றாக வைத்து ஒன்பது அறிகுறிகளைப் பட்டியலிட்டது. விளையாடும் நேரத்தைப் பற்றிக் குடும்பத்தாரிடம் பொய் சொல்வதும் அவற்றுள் ஒன்று. இந்த இரண்டிலும் மணிக்கணக்கு ஓர் அளவுகோலாக வைக்கப்படவில்லை. ஆகவே வேலைக்குச் சென்று திரும்பி இரவில் மூன்று மணி நேரம் விளையாடுபவரை நோயாளி என்பது பிழை; விளையாட்டுக்காகத் தேர்வையும் உறக்கத்தையும் நண்பர்களையும் ஒவ்வொன்றாகக் கைவிட்டவரைச் சோம்பேறி என்று ஒதுக்குவதும் பிழையே.

இவ்வகை மிகையைத் தடுக்க நாடுகள் இயற்றிய விதிகள் பெரும்பாலும் சிறுவர்களையே கருத்தில் கொண்டவை. தென்கொரியா பதினாறு வயதுக்கு உட்பட்டோர் நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை இணைய விளையாட்டுகளில் ஈடுபடுவதற்கு 2011இல் தடை விதித்துப் பத்தாண்டுகளுக்குப் பின் அதனைக் கைவிட்டது. சீனா 2021இல் பதினெட்டு வயதுக்கு உட்பட்டோருக்கு வெள்ளி, சனி, ஞாயிறு, அரசு விடுமுறை நாட்களில் இரவு 8 முதல் 9 மணி வரை மட்டுமே அனுமதி அளித்தது. இந்தியாவில் 1875ஆம் ஆண்டின் வயதுவந்தோர் சட்டப்படி பதினெட்டு வயது நிறைந்தவர் தம் முடிவுகளைத் தாமே எடுக்கும் உரிமை உடையவர். சட்டம் நின்றுவிடும் அந்த எல்லைக்கு அப்பால் குடும்பத்திடம் எஞ்சியிருப்பது உறவு ஒன்றே.

அந்த உறவு எங்கே உரசுகிறது என்பதை அறிய, இன்றைய விளையாட்டுகள் கட்டமைக்கப்பட்டுள்ள விதத்தைப் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். பழைய விளையாட்டுகளுக்கு ஒரு முடிவு இருந்தது. இணைய விளையாட்டுகளோ புதிய பருவங்களும் அன்றாடப் பணிகளும் தரவரிசைகளும் மாறி மாறி வருவதால் முடிவின்றி நீள்கின்றன. எந்த முயற்சிக்குப் பரிசு கிடைக்கும் என்று முன்கூட்டித் தெரியாதபோது முயற்சி நீடித்து நிற்கும் என்பதை உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் தம் விலங்குச் சோதனைகளில் காட்டினார். எதிர்பாராத நேரத்தில் அரிய பொருள் கிடைக்கும் 'லூட் பாக்ஸ்' போன்ற அமைப்புகள் இந்த விதியின் மீதே இயங்குகின்றன. பப்ஜி வகை விளையாட்டில் நால்வர் ஓர் அணியாகச் சேர்ந்து ஏறத்தாழ அரைமணி நேரம் போராடுகிறார்கள். இடையில் வெளியேறுபவர் தம் தரவரிசைப் புள்ளிகளை இழப்பதோடு மற்ற மூவரையும் நட்டாற்றில் விட்டவராகிறார். சாப்பிட வரச் சொல்லித் தாய் அழைக்கும்போது "ஒரு மேட்ச் முடியட்டும்மா" என்று வரும் பதில் தாய்க்கு அவமதிப்பாகவும் பிள்ளைக்கு எளிய உண்மையாகவும் படுவதற்கு இதுவே காரணம்.

இளைஞர்கள் இதில் ஆழ்ந்துபோவதற்கு விளையாட்டின் கவர்ச்சி மட்டுமே காரணமாவதில்லை. தன் விருப்பப்படி செயல்படுதல், திறமை பெருகுவதை உணர்தல், பிறரோடு பிணைந்திருத்தல் ஆகிய மூன்றும் மனிதரின் அடிப்படை உளத்தேவைகள் என்பது எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரையன் ஆகியோர் வகுத்த தன்னிர்ணயக் கோட்பாட்டின் சாரம். பொறியியல் பட்டம் பெற்றும் தகுந்த வேலை அமையாமல், அரசுத் தேர்வு எழுதி முடிவுக்காக மாதக்கணக்கில் காத்திருந்து, "இன்னும் வேலை கிடைக்கவில்லையா?" என்னும் உறவினர் கேள்விக்கு அஞ்சித் திருமண வீடுகளையும் தவிர்க்கும் ஓர் இளைஞருக்கு இம்மூன்றும் வெளியுலகில் அரிதாகவும் திரைக்குள் எளிதாகவும் கிடைக்கின்றன. மனச்சோர்வு, பிறரோடு பழகுவதில் அச்சம், கவனக்குறைவுக் கோளாறு ஆகியவை மிகை விளையாட்டோடு சேர்ந்து காணப்படுவது வழக்கம். இவை விளையாட்டுக்குக் காரணமாகவும் அதன் விளைவாகவும் இருக்கக்கூடும் என்பதால், செல்போனைப் பறிப்பதால் மட்டும் சிக்கல் தீர்ந்துவிடாது.

திரைக்குள் நிகழ்வது அனைத்தும் வீண் என்னும் முடிவும் சரியன்று. தசைச் சிதைவு நோயோடு வாழ்ந்த நார்வே இளைஞர் மட்ஸ் ஸ்டீன் 2014இல் தம் இருபத்தைந்தாம் வயதில் இறந்தபோது, மகன் தனிமையிலேயே வாழ்ந்து மறைந்தான் என்று பெற்றோர் வருந்தினர். 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' விளையாட்டில் அவருடைய அன்பையும் ஆறுதலையும் பெற்றிருந்த நண்பர்கள் பல நாடுகளிலிருந்து மின்னஞ்சல் எழுதியபோதும், அவர்களுள் சிலர் இறுதிச் சடங்குக்கே வந்தபோதும்தான், மகனுக்கு உண்மையான நட்புகள் இருந்தன என்பதைப் பெற்றோர் அறிந்தார்கள். அவருடைய விளையாட்டைக் கோளாறு என்று யாரும் சொல்வதற்கில்லை. எனினும் பிள்ளை திரைக்குள் யாரோடு பேசுகிறான், அங்கே எதைப் பெறுகிறான் என்று கேட்டறியாமல் தீர்ப்பு வழங்கலாகாது என்பதற்கு அவர் வாழ்க்கை சான்றாக நிற்கிறது.

மிகை விளையாட்டு நிலவும் வீடுகளில் பொதுவாக இரண்டு எதிர்வினைகள் அருகருகே நடக்கின்றன. ஒருவர் திட்டுகிறார், வைஃபையைத் துண்டிக்கிறார், பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுகிறார். மற்றவர் தட்டில் சோறிட்டு அறைக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறார், கேட்கும்போது பணம் தருகிறார், விசாரிக்கும் உறவினரிடம் "உடம்பு சரியில்லை" என்று மறைக்கிறார். முதலாவது, பிள்ளை தப்பியோட விரும்பும் அவமான உணர்வை மிகுவிக்கிறது. இரண்டாவது, தப்பியோடிய இடத்திலேயே தங்கிவிட வசதி செய்து தருகிறது. பிள்ளையின் துன்பத்தைத் தற்காலிகமாகக் குறைப்பதற்காகக் குடும்பத்தார் தம் அன்றாட நடத்தையை மாற்றிக்கொள்வதை உளவியலாளர்கள் 'குடும்ப இணங்கல்' என்கின்றனர். அன்பினால் செய்யப்படும் இந்த இணங்கல் காலப்போக்கில் சிக்கலை வேரூன்றச் செய்கிறது.

யேல் பல்கலைக்கழகத்தின் எலி லெபோவிட்ஸ் குழந்தைகளின் பதற்றக் கோளாறுக்காக உருவாக்கி, பின்னர் பெற்றோரையே சார்ந்து வீட்டில் முடங்கிய வயது வந்தோரின் குடும்பங்களுக்கும் விரிவுபடுத்திய பயிற்சிமுறை, இந்த இணங்கலைக் குறைப்பதையே மையமாகக் கொண்டது. பயிற்சி பிள்ளைக்கு அளிக்கப்படாமல் பெற்றோருக்கு அளிக்கப்படுவது இதன் தனித்தன்மை. பிறர் நடத்தையை மாற்ற இயலாவிட்டாலும் தம் நடத்தையை மாற்றத் தமக்கு எவர் இசைவும் தேவையில்லை என்பது இதன் அடிப்படை. இஸ்ரேலிய உளவியலாளர் ஹைம் ஓமர், காந்தியடிகளின் அறப்போராட்ட நெறியிலிருந்து பெற்றோருக்கென வகுத்த 'வன்முறையற்ற எதிர்ப்பு' என்னும் முறையும் இதே திசையில் செல்கிறது.

இவற்றின் வழி நடக்க விரும்பும் தாயும் தந்தையும் முதலில் தமக்குள் உடன்பட வேண்டும். ஒருவர் மறுப்பதை மற்றவர் மறைவில் வழங்கினால் எந்த முடிவும் நிலைக்காது. பின்னர், பிள்ளையின் துன்பம் தங்களுக்குப் புரிகிறது என்பதையும், அவர் மாற முடியும் என்று நம்புவதையும், இனித் தாங்கள் செய்யப்போவது என்ன என்பதையும் கோபமின்றிச் சுருக்கமாக, இயன்றால் எழுத்தில், முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். அடுத்த மாதம் முதல் விளையாட்டுச் செலவுக்குப் பணம் தருவதில்லை, உணவு அறைக்கு வராது, ஆனால் சாப்பாட்டு நேரத்தை மேட்ச் தொடங்குமுன்பே சொல்லிவிடுவோம் என்பது போன்ற சிறிய, நிறைவேற்றக்கூடிய முடிவுகளே பயன் தரும். இணைப்பைத் திடீரெனத் துண்டிப்பதும் கருவியை உடைப்பதும் வன்முறையில் முடியக்கூடும் என்பதால் அவற்றைத் தவிர்க்க வேண்டும். தற்கொலை பற்றிய பேச்சு எழுந்தால் அதை மிரட்டல் என்று தள்ளாமல் உடனே மருத்துவ உதவி நாட வேண்டும்.

உதவி தொலைவில் இல்லை. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவ நிறுவனம் 2014 முதல் தொழில்நுட்ப மிகைப் பயன்பாட்டுக்கெனத் தனிச் சிகிச்சைப் பிரிவை நடத்திவருகிறது; 14416 என்னும் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் இந்தியாவின் எந்தப் பகுதியிலிருந்தும் கட்டணமின்றித் தமிழிலேயே ஆலோசனை பெறலாம். பிள்ளை வர மறுத்தாலும் பெற்றோர் மட்டும் சென்று ஆலோசனை பெறலாம்; அதுவே நல்ல தொடக்கமாகவும் அமையும். பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளுக்கு 2025ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் தடை விதித்துள்ள நிலையில், அவற்றில் சிக்கிக் கடன்பட்டவர்களைச் சூதாட்டக் கோளாறு உடையவர்களாகக் கருதிச் சிகிச்சைக்கு அழைத்துச் செல்வதே முறை.

வயது வந்த பிள்ளையை அதட்டி மீட்கவும் முடியாது, ஊட்டி வளர்த்து மீட்கவும் முடியாது. அவருடைய வாழ்க்கைக்கு அவரே பொறுப்பு என்பதைச் சொல்லால் சொல்வதை விடத் தம் செயலால் உணர்த்தி, அந்தப் பொறுப்பை அவர் ஏற்கும் வரை உறவின் கதவை அடைக்காமல் வைத்திருப்பதே பெற்றோர் செய்யக்கூடியதும் செய்ய வேண்டியதும் ஆகும்.