தொழில் தர்மப் பரீக்ஷையில் காப்பி

நேர்மையைப் பற்றிய பரீக்ஷையிலேயே விடையைப் பார்த்து எழுதினார்கள் என்றால், யாரோ கட்டிவிட்ட கதை என்றே எவரும் எண்ணுவர். அமெரிக்காவில் அது மெய்யாகவே நடந்தது. ‘எர்ன்ஸ்ட் அண்டு யங்’ என்னும் பெரிய கணக்குப் பரிசோதனைக் கம்பெனிக்கு, அந்நாட்டின் பங்கு மார்க்கெட்டைக் கண்காணிக்கும் கமிஷன் 2022-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் 10 கோடி டாலர் அபராதம் விதித்தது. கணக்குப் பரிசோதனை ஸ்தாபனம் எதன்மீதும் அதுவரை அக்கமிஷன் இவ்வளவு பெருந்தொகை விதித்ததில்லை.

குற்றம் யாது? லைசென்ஸ் பெறுவதற்காக எழுதவேண்டிய தொழில் தர்மப் பரீக்ஷையின் விடைகளை, 2017 முதல் 2021 வரை அக்கம்பெனியைச் சேர்ந்த 49 பேர் ஒருவருக்கொருவர் அனுப்பியும் பெற்றும் வந்தனர். லைசென்ஸைக் காப்பாற்றிக்கொள்ள எழுதும் பரீக்ஷைகளில் காப்பி அடித்தவர்களோ நூற்றுக்கணக்கானோர்.

இளைஞர் செய்த சிறு பிழைக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று சிலர் கேட்கக்கூடும். நாம் அவ்வாறு கருதவில்லை. வக்கீல் வழக்கைக் கோட்டைவிட்டால் கட்சிக்காரருக்குத் தீர்ப்பு நாளன்றே தெரிந்துவிடும். எமது தொழில் அவ்வளவில் அதிர்ஷ்டமற்றது. கணக்குப் பரிசோதகரின் பிழையோ வருஷக்கணக்கில் வெளிப்படாமல் இருக்கலாம். அவரது கையெழுத்தை நம்பியே, ஒருநாளும் கணக்குப் புத்தகத்தைக் கண்ணால் காணாத ஜனங்கள் பணம் போடுகின்றனர்.

நமது தேசத்தில் இதற்குச் சாட்சி தேடி அலையவேண்டியதில்லை. ஹைதராபாத் ‘சத்யம்’ கம்பெனியின் தலைவர் ராமலிங்க ராஜு, கணக்கில் காட்டிய ரொக்கத்திலும் பாங்கு இருப்பிலும் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லையென்று 2009 ஜனவரி 7-ஆம் தேதி தாமே எழுதிக் கொடுத்தார். பாங்கு இருப்பைப் பாங்குகளிடமிருந்து நேரே கேட்டறிவது பரிசோதகருக்கு அரிச்சுவடிப் பாடம். ‘பிரைஸ் வாட்டர்ஹவுஸின்’ இந்தியக் கிளை ஸ்தாபனங்கள் அவ்வேலையைச் சத்யம் நிர்வாகிகளின் கையிலேயே விட்டுவிட்டன. அதன் பங்குகள் நியூயார்க்கிலும் விற்கப்பட்டமையால், 2011-இல் அமெரிக்க அதிகாரிகள் அவற்றுக்கு மொத்தம் 75 லட்சம் டாலர் அபராதம் விதித்தனர்.

எர்ன்ஸ்ட் அண்டு யங் ஊழியர் பலர், தாம் செய்வது விதிக்கு விரோதமென்று அறிந்தே செய்ததாக ஒப்புக்கொண்டனர். வேலை மிகுதி என்றனர் சிலர். பலமுறை எழுதியும் தேறவில்லை என்றனர் வேறு சிலர். முதற் சமாதானத்தில் ஓரளவு நியாயம் உண்டு. இராப்பகலாக வேலை வாங்கும் மேலதிகாரிகள் அதற்கு உத்தரவாதிகளே. இரண்டாவதை நாம் ஒப்பமாட்டோம். தேறாதவர் தகுதி பெறவில்லை என்பதன்றிப் பரீக்ஷைக்கு வேறு பொருள் ஏது? தாம் காப்பி அடிக்காவிடினும், பிறர் செய்வதைக் கண்டு வாய்மூடி இருந்தோரும் அநேகர்.

கம்பெனியின் நடத்தை இவற்றினும் மோசம். 2019 ஜூன் மாதத்தில் கமிஷன் இதுபற்றி விசாரித்தது. அதற்குச் சில தினங்கள் முன்னர்தான் ‘கே.பி.எம்.ஜி.’ என்னும் மற்றொரு கம்பெனி, பயிற்சிப் பரீக்ஷைகளில் நடந்த மோசடி உள்ளிட்ட குற்றங்களுக்காக 5 கோடி டாலர் அபராதத்துக்கு ஆளாகியிருந்தது. எர்ன்ஸ்ட் அண்டு யங் கம்பெனியோ, தம்மிடம் அப்போது அத்தகைய குறை ஏதுமில்லை என்று கமிஷன் கருதும்படி பதில் எழுதிற்று. அதற்குள் ஓர் ஊழியர் காப்பியைப் பற்றி உள்ளேயே புகார் செய்திருந்தார். விஷயம் உறுதியான பின்னரும் அப்பதிலைத் திருத்தவில்லை. அபராதத் தொகை இவ்வளவு உயர்ந்ததற்கு இந்த மறைப்பும் ஒரு முக்கியக் காரணம்.

அபராதத்துடன், தொழில் தர்ம விதிகளை ஆராய ஒருவரும், மறைத்த விஷயத்தை ஆராய வேறொருவருமாக இரண்டு வெளியாரை அக்கம்பெனி தன் செலவில் அமர்த்தவேண்டுமென்றும் கமிஷன் கட்டளையிட்டது.