“வேலைய விட்டுட்டு வந்துரவா, அய்யா?”

போன வருசம் ஆவணி மாசம். சம்பா நாற்றங்காலுக்குத் தண்ணி கட்டிக்கொண்டிருந்தபோது ஒரு தம்பி வந்து வரப்பில் நின்றார். சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. நம்ம இதழைத் தொடர்ந்து படிக்கிறவர். ஊரில் அப்பா விட்டுப்போன மூணு ஏக்கர் சீமைக்கருவேல் மண்டிக் கிடக்கிறதாம். “வேலைய விட்டுட்டு வந்துரவா, அய்யா? மனசு சொல்லிக்கிட்டே இருக்கு” என்றார்.

இப்படிக் கேட்டு நிறையப் பேர் வருகிறார்கள். “வாங்க தம்பி, மண்ணு கைவிடாது” என்று நானும் ஒரு காலத்தில் சொன்னவன்தான். அதைக் கேட்டு வந்தவர்களில் ரெண்டு பேர் கடனோடு திரும்பிப் போனதைப் பார்த்தபிறகு வாயை அடக்கிக்கொண்டேன். இந்தத் தம்பிக்கு வீட்டுக்கடன் இருக்கு, பள்ளிக்கூடம் போற பிள்ளை இருக்கு. மனசு சொல்லுதுன்னா, என்ன சொல்லுது? “இதை விடு”ன்னு சொல்லுதா, “இதைச் செய்”னு சொல்லுதா? ரெண்டும் ஒண்ணு இல்லையே.

அன்றைக்கு அவரிடம் மசானபு ஃபுகோகாவைப் பற்றித்தான் பேசினேன். ‘ஒற்றை வைக்கோல் புரட்சி’ படித்தவர்களுக்கு அந்த விடியற்காலை மறக்காது. யோகோஹாமா சுங்கத்தில், கப்பலில் வருகிற போகிற செடிகளில் பூச்சி, நோய் இருக்கிறதா என்று சோதிக்கிற வேலை அவருக்கு. 25 வயதில் நிமோனியா வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். பிழைத்த பிறகும் சாவைப் பற்றிய யோசனை விடவில்லை. ஓர் இரவு அலைந்து திரிந்து, துறைமுகம் தெரியும் ஒரு மேட்டில் மரத்தடியில் சாய்ந்து கிடந்தார். விடியும் நேரம் இராக்கொக்கு ஒன்று கத்திக்கொண்டு பறந்தது. மனிதன் சேர்த்துவைத்த அறிவெல்லாம் ஒன்றுமே இல்லை என்று அந்த நொடியில் அவருக்குத் தெளிந்தது. மறுநாளே வேலையை விட்டார்.

தம்பியின் முகம் மலர்ந்துவிட்டது. “பொறுங்க, கதை இனிமேத்தான்” என்றேன்.

சிக்கோகு தீவில் அப்பாவின் ஆரஞ்சுத் தோட்டம். வருசாவருசம் கவாத்து செய்து வளர்த்த மரங்கள். இயற்கை பார்த்துக்கொள்ளும் என்று ஃபுகோகா கவாத்தை நிறுத்தினார். கிளை மேல் கிளை ஏறி, பூச்சி அடித்து, மரங்கள் பட்டுப்போயின. மனிதன் கைவைத்து வளர்த்த மரத்தைத் திடீரென்று அப்படியே விட்டால் அது இயற்கை வேளாண்மை இல்லை, கைவிட்டுவிட்டதுதான் என்று அங்கேதான் படித்தார். அப்பாவும் வெளியே போய் வேலை பார்க்கச் சொல்லிவிட்டார். அப்புறம் கோச்சியில் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் பூச்சி, நோய்ப் பிரிவில் எட்டு வருசம் சம்பள வேலை! போர் முடிந்துதான் நிலத்துக்குத் திரும்பினார். உழாமல், வைக்கோல் மூடாக்குப் போட்டு, நெல்லும் பார்லியும் மாற்றி மாற்றி எடுக்கிற முறை கைக்கு வர அதன்பிறகும் பல வருசம் ஆனது. புத்தகம் வந்தது 1975இல்.

நம்மாழ்வார் அய்யாவும் அப்படித்தானே? 1963இல் கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். மானாவாரி விவசாயி வாங்கமுடியாத இடுபொருளை வைத்து ஆராய்ச்சி பண்ணி யாருக்கு என்ன பயன் என்று உறுத்த, 1969இல் விலகினார். பிறகு களக்காட்டில் ‘அமைதித் தீவு’ நிறுவனத்தில் பத்து வருசம் கிராம மக்களோடு வேலை.

“அப்ப நான் என்ன பண்றது அய்யா?”

“இப்ப வேலைய விடாதீங்க. மாசம் ரெண்டு சனி, ஞாயிறு இங்க வாங்க. ஒரு நோட்டு போடுங்க. ராத்திரி படுக்குமுன்னாடி ரெண்டே விசயம் எழுதுங்க. இன்னைக்கு எந்த வேலையில நேரம் போனதே தெரியலை, எந்த வேலையில கடிகாரத்தைப் பாத்தீங்க. ஆபீஸ் வேலையையும் சேத்து எழுதணும்.”

வந்தார். மாந்தோப்பு போடுவதுதான் அவர் கனவு. நடவன்றைக்கு மத்தியானத்துக்குள் இடுப்புப் பிடித்துக்கொண்டது. களையெடுப்பில் பத்து தடவை கடிகாரம் பார்த்ததாக மறைக்காமல் எழுதியிருந்தார்.

தை பிறந்து, மாப்பிள்ளைச் சம்பா அறுப்புக்கு முன்னால் விதைக்கு விட்ட பாத்தியில் கலவன் பிடுங்க இறங்கினோம். நான் தாண்டிப்போன ஒரு குத்தைக் காட்டி, “இது வேற மாதிரி இருக்கு அய்யா, என்னன்னு சொல்லத் தெரியலை” என்றார். ஒரு நெல்லை உரித்துப் பார்த்தேன். மாப்பிள்ளைச் சம்பா சிவப்பரிசி, இது வெள்ளை! ஐந்து மாசமாக அதே வயலைப் பார்த்த கண்ணு, வாய் சொல்வதற்கு முன்னாடியே கண்டுபிடித்துவிட்டது. உள்ளுணர்வு என்று நாம பெரிசாப் பேசுறதுல பாதிக்குமேல இதுதானோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

அன்றைக்குச் சாப்பிட மறந்துவிட்டதாக நோட்டில் எழுதியிருந்தார். அப்புறம் விதையைத் தூற்றினது, காயவைத்தது, நொச்சித்தழை போட்டுக் கட்டிவைத்தது எல்லாமே நேரம் போனது தெரியாத பக்கத்தில்தான். பழைய பக்கங்களைப் புரட்டினால் இன்னொரு விசயமும் தெரிந்தது. ஆபீசில் மற்றவர்கள் எழுதின புரோகிராமில் தப்பைக் கண்டுபிடிக்கிற வேலை இருக்கிறதே, அதிலும் அவர் கடிகாரமே பார்க்கவில்லை. மீட்டிங் நாட்களில்தான் மனசு வெறுத்திருக்கிறது. “அங்கயும் கலவன்தான் பிடுங்கிக்கிட்டு இருந்திருக்கேன்” என்று சிரித்தார்.

மாந்தோப்புப் பேச்சை இப்போது எடுப்பதில்லை. சீமைக்கருவேலை ஒரு ஏக்கரில் வேரோடு எடுத்தாகிவிட்டது. அதில் அரை ஏக்கர், விதைக்கு மட்டும். தண்ணியைச் சித்தப்பா பார்த்துக்கொள்கிறார். வேலையை இன்னும் விடவில்லை. ரெண்டு அறுப்புக் கணக்கைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று அவர் வீட்டம்மா சொல்லியிருக்கிறார்கள். கடன் முடிய மூணு வருசம் இருக்கிறது.

போன வாரம் வந்து தூயமல்லி விதை வாங்கிப் போனார். ரெண்டாவது நோட்டு ஓடுகிறதாம். முதல் நோட்டு இன்னும் எங்க வீட்டுப் பரணில் விதைப்பானைப் பக்கத்தில்தான் இருக்கிறது. அடுத்த தடவை வரும்போது கொடுத்தனுப்பணும்.